தலசீமியா சோதனையைக் கர்ப்பிணிகளுக்குக் கட்டாயமாக்கலாமா?

செவ்வாப்பேட்டைக்காரன்:
1978லேயே சான்பிரான்சிஸ்கோவில் யூயெட் வாய் கான் என்ற மருத்துவர், பனிக்குட நீரில் மிதக்கும் செல்களின் டிஎன்ஏவை வைத்து, அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோயைக் கருவிலேயே கண்டுபிடித்தார். தலசீமியாவும் அதே மாதிரி பெற்றோரிடமிருந்து வரும் ஹீமோகுளோபின் குறைதான். சைப்ரஸில் கல்யாணத்துக்கு முன்பே தலசீமியா சோதனை கேட்கிறார்கள். அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் அங்கே இப்போது மிகச் சொற்பம். நம் சேலத்திலோ அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது இன்னும் நின்றபாடில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே எல்லாருக்கும் கட்டாயமாக்கினால் என்ன?

மலைக்காப்பி:
கட்டாயம் என்றாலே எனக்குப் பகீர் என்கிறது அண்ணே. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஏன் சேலத்தில் ஆரம்பித்தார்கள் என்று ஊருக்கே தெரியும். கருவில் பார்க்க வழி வந்ததும் முதலில் எதைப் பார்த்தோம்? பெண்ணா என்றுதானே. அதற்காகவே 1994ல் சட்டம் போட வேண்டியிருந்தது. இதில் எங்கள் ஏற்காட்டு மலையாளி பழங்குடி மக்கள் கையில் ஆளுக்கொரு சோதனை முடிவு அட்டை கொடுத்தால், நாளைக்கே அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

லேப்_அக்கா:
அதே சட்டம் ஹீமோகுளோபின் நோய்களுக்கான கருச் சோதனையை அனுமதிக்கிறது தம்பி. பாலினம் சொல்வதுதான் குற்றம்.

என் மேஜைக்கு வருவதைச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் குறைவு, சிவப்பணு சைஸும் சின்னது. உடனே சத்து மாத்திரை. மாதக்கணக்கில் விழுங்கியும் ஏறவில்லை என்றால்தான் ஹெச்பிஎல்சிக்கு, அதாவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனைக்கு, அனுப்புகிறார்கள். சீட்டில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் வரியில் 3.5 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் 5ஐ ஒட்டி நிற்கும். அவர் கேரியர், அதாவது குறையுள்ள மரபணுவைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர். நோயாளி இல்லை, நன்றாக வாழ்வார். கணவரும் கேரியராக இருந்தால்தான் சிக்கல்: ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. "ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடுகிறவர்களை என்ன செய்வது! தாயத்தில் முன்பு விழுந்தது அடுத்த உருட்டலுக்குத் தெரியுமா?

மலைக்காப்பி:
கணக்கு சரிங்க அக்கா. காலம்? கருவைச் சோதிக்க நஞ்சுக்கொடியிலிருந்து துணுக்கு எடுப்பது 11 வாரத்திலிருந்து, பனிக்குட நீர் எடுப்பது 15 வாரத்துக்கு அப்புறம். மலையில் ஒரு பெண் பதிவு செய்யவே மூன்று மாதம் ஆகிவிடும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சீட்டு வாங்கி, புருஷனை அழைத்துவந்து, அவர் சீட்டுக்கும் காத்திருந்து... முடிவு கைக்கு வரும்போது வயிறு தெரிய ஆரம்பித்திருக்கும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவில் பெரிய குறை என்று மருத்துவக் குழு சொன்னால் 24 வாரம் தாண்டியும் கலைக்கலாம்தான். ஆனால் அந்த வாரத்தில் முடிவெடுப்பது அந்தப் பெண்ணா, மாமியாரா?

மூன்றுவாரத்துக்கொருமுறை:
என் மகளுக்கு தலசீமியா மேஜர், அந்த நோயின் கடுமையான வகை. பெயரே சொல்லும், மூன்று வாரத்துக்கொரு முறை ரத்தம். ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற தினமும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி இருக்கு என்று டம்ளரைத் தள்ளுவாள், அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். "இப்படிப்பட்ட குழந்தை பிறக்காமல் தடுப்போம்" என்று இங்கே யாராவது எழுதினால் அவளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வாயால் இதையும் சொல்கிறேன், இரண்டாவது கர்ப்பத்தில் சோதனை செய்தோம். முதல் தடவை எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

செவ்வாப்பேட்டைக்காரன்:
நான் கேட்பதும் அதைத்தானே! யாரும் கேட்காமல் விடக்கூடாது என்றால் கட்டாயம்தான் வழி. விருப்பப்பட்டவர் செய்யலாம் என்றால் விஷயம் தெரிந்தவர் மட்டும்தான் செய்வார்.

மலைக்காப்பி:
எல்லாரிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். நீங்கள் சொல்லும் கட்டாயம் அது இல்லை. நஞ்சுக்கொடியில் ஊசி போட்டால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் கலையும் என்பார்கள், கலைந்தவளுக்கு அது முழுசா ஒன்று.

லேப்_அக்கா:
ஊசி எல்லாருக்கும் இல்லை, இருவரும் கேரியர் என்றால் மட்டும். முதல் சோதனைக்குக் கை நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் போதும். என்னைக் கேட்டால் கட்டாயத்தை ஆண்களிடமிருந்து ஆரம்பியுங்கள். பெண்ணுக்கு 3.5 தாண்டியதும் கணவரைக் கூட்டிவரச் சொல்வோம். பாதிப்பேர் வருவதில்லை. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று வாசலிலேயே பைக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.