ஓவியத்தின் முன் நின்று எதைப் பார்ப்பது?

ஈசூன் அப்பா:
வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளுடன் சிங்கப்பூர் தேசிய கலைக்கூடத்துக்குச் சென்றிருந்தேன். ஒவ்வொரு படத்தின் அருகிலும் இருந்த விளக்க அட்டையை வரி விடாமல் படித்தேன். படத்தையோ ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தேன். வீடு திரும்பியதும், லியூ காங் வரைந்த ‘ஓவியரும் மாடலும்’ படத்தில் கோடுகள் என்ன நிறம் என்று மகள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. கோடு, நிறம், ஒளி, இடைவெளி ஆகியவற்றைக் காணக் கண்ணை எப்படிப் பழக்குவது?

தூரிகை:
உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். 1954இல் வரையப்பட்ட அந்தப் படத்தில் உருவங்களைச் சுற்றி ஓடும் கோடு வெள்ளை. பாத்தேக் துணியில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாமல் வெளிர்கோடு நிற்குமல்லவா, அதை எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுவந்தார் லியூ காங். 1952இல் சக ஓவியர்கள் மூவருடன் அவர் பாலித் தீவுக்குச் சென்று வந்ததில் விளைந்த படம் அது. வாசற்கோலம் பார்த்து வளர்ந்த நமக்கே, காகிதம் என்று வந்துவிட்டால் கோடு கறுப்பாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் ஊறிவிட்டது!

அட்டையை விட்டுவிடுங்கள். ஒரு படத்துக்கு ஒரு கேள்வி போதும். ராடன் சாலே 1849இல் வரைந்த ‘காட்டுத் தீ’ ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் 4 மீட்டர் அகலமும் கொண்டது. அதன்முன் நின்று, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடுங்கள். தீ துரத்த, புலியும் காட்டெருதும் பகை மறந்து ஒரே பாறை விளிம்புக்கு ஓடி வந்திருப்பது தானாகவே புலப்படும். பிறகு பென்சிலால் ஐந்து நிமிடம் கிறுக்கிப் பாருங்கள். கண் தாண்டிப் போனதைக் கை தாண்ட விடாது.

பழைய வாசகி:
அட்டையை அடியோடு ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சுவா மியா டீ வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ படத்தில், உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய் என்ற கேள்விகள் கரும்பலகையில் மலாயில் எழுதப்பட்டிருக்கின்றன. அது வரையப்பட்ட 1959, சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு என்று அறியாதவருக்கு அவை வெறும் பாடப்புத்தக வாக்கியங்களாகவே தோன்றும். ஆயினும், மாணவர்கள் அமர்ந்திருக்கும் மேசை வட்டமானது, அதில் தலைமை இருக்கை என்று ஒன்றில்லை என்பதை எனக்கு எந்த அட்டையும் சொல்லவில்லை. மூன்றாம் முறை சென்றபோது நானே கண்டுகொண்டேன். அட்டையைப் படியுங்கள், ஆனால் படித்தபின் படத்திடம் திரும்பி வாருங்கள்.

ஈசூன் அப்பா:
இருவருக்கும் நன்றி. குடிமக்களுக்கு நிரந்தரக் காட்சிகளைக் காணக் கட்டணம் இல்லை என்பதால், அடுத்த ஞாயிறு இந்த மூன்று படங்களை மட்டும் பார்க்கப் போகிறோம். கட்டாயப் படைப்பணியான தேசிய சேவையில் நான் கற்ற மலாய் அணிவகுப்புக் கட்டளைகளோடு நின்றுவிட்டது. அந்தக் கரும்பலகையை எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவேன்.