1,400 பழைய கட்டுரைகள், 63 கேட்டகரிகள்: எங்கிருந்து தொடங்குவது?

புதுவரப்பு கேட்டது:

வேர்ட்பிரஸ் தளம், தோட்டக்கலை பற்றியது. 2011 முதல் சேர்ந்த கட்டுரைகள் சுமார் 1,400. கேட்டகரிகள் (கட்டுரைப் பிரிவுகள்) 63, டேகுகள் (குறிச்சொற்கள்) 2,000-க்கு மேல். பழையதைத் தேட பக்கப்பட்டியில் மாதவாரிப் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. அதுவே 150 வரிக்கு மேல் நீள்கிறது, யாரும் தொடுவதில்லை.

கேட்டகரிகளைக் குறைத்துவிட்டு, கட்டுரையின் இணைய முகவரியில் ஆண்டு/மாதம் இருக்கும் இடத்தில் கேட்டகரி பெயரைப் போடலாம் என்று நினைக்கிறேன். சோதனைத் தளத்தில் இரண்டு கேட்டகரிகளை நீக்கியதும் அதிலிருந்த கட்டுரைகள் எல்லாம் ‘வகைப்படுத்தப்படாதவை’க்குள் போய் விழுந்துவிட்டன. எங்கே தப்பு?

வலைத்தச்சன்:

தப்பு வரிசையில்தான். ஒரு கேட்டகரியை நீக்கினால், வேறு கேட்டகரி இல்லாத கட்டுரைகளை வேர்ட்பிரஸ் இயல்புநிலைக் கேட்டகரிக்குத் தள்ளிவிடும். கட்டுரைகளை முதலில் புதிய கேட்டகரியில் சேர்த்துவிட்டு, அப்புறம் பழையதை நீக்குங்கள். பத்து இருபது என்றால், பல கட்டுரைகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து மாற்றும் ‘மொத்தத் திருத்த’த்தில் செய்யலாம். 63-ஐக் குறைக்க ‘டெர்ம் மேனேஜ்மென்ட் டூல்ஸ்’ என்ற பிளகின் (கூடுதல் செருகுநிரல்) வசதி: வேண்டியவற்றை டிக் செய்து ‘மெர்ஜ்’ கொடுத்தால் போதும். டேட்டாபேஸ் பேக்கப் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். இணைத்ததைத் திரும்பப் பிரிக்கும் பொத்தான் கிடையாது.

முகவரியில் கேட்டகரி பெயரைப் போடும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு கட்டுரை இரண்டு கேட்டகரிகளில் இருந்தால், உள் எண் குறைவாக உள்ளதைத்தான் வேர்ட்பிரஸ் முகவரியில் எடுக்கும். நீங்கள் எதை முக்கியமாக நினைக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நாளைக்குக் கேட்டகரியை மாற்றினால் முகவரியும் மாறும். ஆண்டு/மாதம் இருப்பதால் வாசகருக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை, அப்படியே இருக்கட்டும்.

கேட்டகரியின் ஸ்லக்கை (முகவரியில் வரும் அதன் பெயர்ப் பகுதியை) மாற்றினாலோ, கேட்டகரியையே நீக்கினாலோ அதன் பழைய முகவரி 404 (‘பக்கம் இல்லை’) ஆகும். கட்டுரையின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துத் திருப்பிவிடும். கேட்டகரிக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) நீங்களே போட வேண்டும். 302 வேண்டாம், அது தற்காலிக மாற்றத்துக்கானது. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடவும் கூடாது. தேடுபொறி அதை ‘சாஃப்ட் 404’ என்று, அதாவது பக்கம் இல்லாததைப் போலவே, கணக்கில் எடுத்துக்கொள்ளும். உரம் தேடி வந்தவருக்கும் முகப்பைப் பார்த்துப் பயனில்லை. ரீடைரக்ட் குறைந்தது ஓராண்டு இருக்கட்டும். மெனுவிலும் கட்டுரைகளுக்குள்ளும் இருக்கும் இணைப்புகளை மட்டும் நேரடியாகவே புது முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

அட்டவணைப்பூச்சி:

மேலே சொன்னது இயந்திர வேலை. அதற்கு முன்னால் ஒரு விரிதாள் வேண்டும். தலைப்பு, முகவரி, தேதி, இப்போதைய கேட்டகரி, போக வேண்டிய கேட்டகரி, கடைசியாக ‘வைக்க / திருத்த / இணைக்க / நீக்க’ என்று ஒரு நிரல். 1,400 வரியும் நிரம்பும்வரை தளத்தில் கை வைக்காதீர்கள். பாதியில் தொடங்கினால் பாதி வழியில் கேட்டகரிப் பெயர்களை மாற்றத் தோன்றும், எல்லாம் குழம்பிவிடும்.

கேட்டகரி 8 முதல் 10 போதும்: மண், விதை, நீர், உரம், பூச்சி, நோய், கருவிகள் என்று வாசகர் கேள்வியோடு வரும் சொற்களாக. ‘பொது’, ‘இதர’, ‘சிறப்பு’ மூன்றும் கூடவே கூடாது, அவை குப்பைக்கூடைகள். கட்டுரைக்கு ஒரு கேட்டகரிதான். குறுக்குத் தொடர்புகளுக்கு டேக். மூன்று கட்டுரைகூட இல்லாத டேக்கை நீக்கிவிடலாம். தமிழில் டேக் பெருகுவதற்குக் காரணமே எழுத்துமுறை: ‘உரம்’, ‘உரங்கள்’, ‘இயற்கை உரம்’, ‘இயற்கையுரம்’ என்று நான்காகப் பிரிந்திருக்கும். ஒருமை வடிவத்தை வைத்துக்கொண்டு மற்றதை அதில் இணையுங்கள்.

ஆனால் கேட்டகரிப் பக்கம் மட்டும் போதாது. 180 கட்டுரை உள்ள கேட்டகரி, பக்கத்துக்கு 10 என்ற இயல்புநிலையில் 18 பக்கமாகும், அதுவும் புதியது முதலில். 2012-இல் எழுதிய அடிப்படைக் கட்டுரை 17-ஆம் பக்கத்தில் கிடக்கும். ஒவ்வொரு கேட்டகரிக்கும் கையால் தொகுத்த வாசல் பக்கம் ஒன்று வையுங்கள்: 15 முதல் 25 இணைப்புகள், மூன்று நான்கு துணைத்தலைப்புகள், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி விளக்கம், படிக்க வேண்டிய வரிசையில். மெனுவில் இதுதான் வர வேண்டும். முழுப் பட்டியலுக்கு அதன் கடைசியில் ஒரு இணைப்பு.

கட்டுரைக்கு அடியில் வரும் ‘முந்தையது / அடுத்தது’ இயல்பாகத் தேதியை மட்டுமே பார்க்கும். பூச்சிக்கு அடுத்து கருவி வந்து நிற்கும். தீமில் (தளத்தின் தோற்றக் கோப்புகளில்) அந்த இணைப்புகளைக் காட்டும் வரியில் ‘இன் சேம் டெர்ம்’ என்பதை ட்ரூ ஆக்கினால் அதே கேட்டகரிக்குள் நகரும். மாதப் பட்டியலைக் கீழிறங்கு பட்டியாக்கி ஓரமாக வையுங்கள், தேதி நினைவிருப்பவர்களுக்கு அது உதவும்.

புதுவரப்பு:

நன்றிங்க. முகவரியைத் தொடவில்லை. விரிதாள் போடும்போது ஒன்று கண்ணில் பட்டது: பல தமிழ் முகவரிகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன, சிலவற்றின் வாலில் 2, 3 என்று எண். இது பிழையா?

வலைத்தச்சன்:

பிழை இல்லை, இடப் பற்றாக்குறை. ஸ்லக்குக்கு டேட்டாபேஸில் 200 இடம்தான். ஒரு தமிழ்க் குறியீடு யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 3 பைட், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 இடம் பிடிக்கும், ஆக 9. இருபத்திரண்டு குறியீட்டோடு முடிந்தது. புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடு என்பதால் அது இரண்டு மூன்று சொல்தான். ‘வீட்டுத் தோட்டத்தில் ரோஜா வளர்ப்பு’ என்ற தலைப்பு ‘வீட்டுத்-தோட்டத்தில்-ரோஜ’ என்று நிற்கும். அதே தொடக்கத்தில் ‘ரோஜா நோய்கள்’ எழுதினால் இடித்துக்கொண்டு 2 ஒட்டும்.

பழையவற்றை அப்படியே விடுங்கள், வேலை செய்கின்றன. இனி எழுதுபவற்றுக்கு ‘ரோஜா-வளர்ப்பு’ என்று ஸ்லக்கைக் கையால் குறுக்கிக் கொடுங்கள்.

அட்டவணைப்பூச்சி:

செடிப் பெயர்களுக்கு அகரவரிசைப் பக்கம் போடுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். குறியீட்டு எண்படி அடுக்கினால் தமிழ் வரிசை வராது. யுனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தே இருக்கிறது, புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் ‘கன்று’ ‘கம்பு’க்கு முன்னால் வரும், ‘கதிர்’ ‘கத்தரி’க்கு முன்னால் வரும். ஜாவாஸ்கிரிப்டில் மொழிவாரியாக அடுக்கித் தரும் ‘இன்டல் கொலேட்டர்’ (Intl.Collator) கொண்டு, மொழியைத் தமிழ் என்று கொடுத்து அடுக்கினால் சரியாகும்.