வேலந்தாவளம் ரோட்டு மோதல்: அந்த 24 மணி நேரம் யாருக்கு?

எதிர்காத்து:
நம்ம சைக்கிள் குழுமத்துல பக்கத்து இழையில (த்ரெட்ல) மூணாம்கியர் எழுதினதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலைங்க. விஷயம் தெரியாதவங்களுக்காக: ஞாயித்துக்கிழமை காலைல பாலக்காடு பக்கம், தமிழ்நாடு எல்லையை ஒட்டின கொழிஞ்சாம்பாறை - வேலந்தாவளம் ரோட்டுல ஒரு டிஎன் 41 பிக்கப், கோயம்புத்தூர் சைக்கிள்காரர் ஒருத்தரை ஓவர்டேக் பண்றப்ப இடது கண்ணாடியால அவர் வலது கைப்பிடியைத் தட்டிடுச்சு. ஆள் விழுந்துட்டார். முழங்கை தோல் வழண்டிருக்கு, மணிக்கட்டு வலி, பின் ஹேங்கர் (கியர் மாத்தற டீரெய்லரை ஃப்ரேம்ல மாட்டற துண்டு) வளைஞ்சிருக்கு. டிரைவர் வேகத்தைக் குறைச்சு, ஜன்னல் வழியா ஐநூறு ரூபா நீட்டிட்டுப் போயிட்டார். நம்பர் கையில இருக்கு. புகார் கொடுக்கலாமான்னு அவர் கேட்டதுக்கு மூணாம்கியரோட தீர்ப்பு: "24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன் போகலைன்னா புகார் செல்லாது. எலும்பு உடையலைன்னா ஆக்சிடென்ட்டே இல்ல. ஐநூறுக்கு ஹேங்கர் மாத்திட்டு ஓட்டுங்க."

மூணு வாக்கியம், மூணும் தப்பு. அந்த 24 மணி நேரம் மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவுல இருக்கு. காயம் பட்டாலோ, மூன்றாம் நபர் பொருள் சேதமானாலோ, அங்க போலீஸ் இல்லைன்னா, பக்கத்து ஸ்டேஷன்ல 24 மணி நேரத்துக்குள்ள போய்ச் சொல்ல வேண்டியது வண்டி ஓட்டினவன். விழுந்தவன் இல்ல.

மூணாம்கியர்:
வந்துட்டாருய்யா வக்கீலய்யா. புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும். ஸ்டேஷன்ல முதல் கேள்வியே "ஏன் இவ்வளவு நேரம்?"தான். ஞாயித்துக்கிழமை விழுந்து செவ்வாய்க்கிழமை போனா யார் நம்புவாங்க? 24 மணி நேரம் போச்சுன்னா கேஸ் போச்சு. இதுல என்ன தப்பு?

எதிர்காத்து:
"நம்ப மாட்டாங்க" வேற, "செல்லாது" வேற. நீங்க எழுதினது செல்லாதுன்னு.

மூணாம்கியர்:
ரெண்டும் ஒண்ணுதான். 24 மணி நேரம்.

புதுச்சங்கிலி:
அண்ணா, ஒரு சந்தேகம். சின்ன மோதல்னு எல்லாரும் சொல்றீங்களே, எதை வெச்சு சின்னதுன்னு சொல்றீங்க? காயத்தை வெச்சா, சேதத்தை வெச்சா?

சந்தைப்பேட்டை:
ரோடு அகலம் தெரியாம பேசாதீங்க. வெள்ளைக்கோட்டுக்கு இடப்பக்கம் தார் முடிஞ்சு நாலு விரக்கடை பள்ளம். எதுத்தாப்புல எம்-சாண்ட் டிப்பர் வந்தா பிக்கப்காரன் எங்க ஒதுங்குவான்? காய்கறி லோடு விடியறதுக்குள்ள சந்தைக்குப் போகணும். கள்ளு வண்டிக்கும் அதே கதை. சைக்கிள்காரங்க மூணு பேர் ஒரே வரிசையா பேசிட்டுப் போறதை யாராவது எழுதுங்களேன்.

எதிர்காத்து:
இந்த ஆள் தனியா போனவர். ஒதுங்க இடம் இல்லைன்னா பின்னாடி பத்து செகண்ட் காத்திருக்கணும், அதுக்குப் பேர்தான் பிரேக். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும். பக்கவாட்டுல அடிக்கிற காத்துக்கு சைக்கிள்காரன் சாஞ்சு ஓட்டிட்டு இருப்பான். உயரமான வண்டி பக்கத்துல வந்ததும் காத்து மறைஞ்சுடும், சாஞ்ச சைக்கிள் வண்டிப் பக்கமாவே இழுக்கும். வண்டி தாண்டினதும் காத்து மறுபடி பளார்னு அடிக்கும். ஒன்றரை மீட்டர் விட்டுப் போகணும்னு சொல்றது மரியாதைக்கு இல்ல.

மூணாம்கியர்:
எனக்கு வேற ஒரு சந்தேகம். கண்ணாடி தட்டினது வலது கைப்பிடி. அப்ப ஆள் இடது பக்கம்தான் விழணும். ஹேங்கர் இருக்கிறது வலது பக்கம். இடது பக்கம் விழுந்தவருக்கு வலது ஹேங்கர் எப்படி வளைஞ்சது? ஏற்கெனவே வளைஞ்ச ஹேங்கருக்கு பிக்கப்காரன் தலையில பில் எழுதறாங்களோ?

டைனமோ:
இதுக்கு நான் வர்றேன். கண்ணாடி சைக்கிளை விட வேகமா முன்னாடி போகுது, அதனால வலது கைப்பிடியை முன்பக்கமாத் தள்ளும். வலது கைப்பிடி முன்னாடி போனா முன்சக்கரம் இடது பக்கம் திரும்பும். சக்கரம் இடது பக்கம் ஓடும், மேல இருக்கிற ஆள் வலது பக்கம் சாய்வான். அதாவது வண்டிப் பக்கம், பிக்கப்போட பின்சக்கரத்துக்கு நேரா. தோளைத் தட்டியிருந்தா இடது பக்கம் விழுந்திருக்கலாம். கைப்பிடியைத் தட்டினா வலதுதான். ஹேங்கர் வளைஞ்சதே அதுக்குச் சாட்சி. பின்சக்கரம் முன்கூட்டியே தாண்டினதால ஆள் இருக்கார்.

எதிர்காத்து:
இதைத்தான் "சின்ன மோதல்"னு எழுதறாங்க. டைனமோ, சைக்கிளை எப்படிப் பார்க்கணும்னும் சொல்லிடுங்க. அவர் ஹேங்கரை மட்டும் மாத்திட்டு ஓட்டப் போறார்.

டைனமோ:
எதையும் மாத்தறதுக்கு முன்னாடி படம். பின்னாடி நின்னு பாருங்க: டீரெய்லரோட ரெண்டு புல்லியும் காஸெட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) பல்லுக்கு நேர்கோட்டுல இருக்கணும். கீழ்ப்புல்லி உள்ளே சாஞ்சிருந்தா, மேட்டுல பெரிய பல்லுக்கு மாத்தின நிமிஷமே டீரெய்லர் ஸ்போக்ல மாட்டி சக்கரம் பூட்டிக்கும். அடுத்து ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கவை. முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஹெட்செட்ல (ஹேண்டில் திரும்பற பேரிங்ல) 'டக்'னு ஆட்டம் வந்தா நிறுத்திடுங்க. டவுன் டியூப்ல (ஃப்ரேமோட கீழ்க் குழாய்ல), ஹேண்டில் தண்டு நுழையற ஹெட் டியூபுக்குப் பின்னாடி அடிப்பக்கம் விரலால தடவிப் பாருங்க, பெயிண்ட்ல மடிப்போ விரிசலோ இருந்தா ஃப்ரேம் போச்சு. கார்பன்னா நாணயத்தால தட்டுங்க. ஒரே கணீர் சத்தம் நடுவுல 'டொப்'புனு அமுங்கினா உள்ளே படலம் பிரிஞ்சிருக்கு. ஹேண்டில்பார் திரும்பியிருந்தா சும்மா நேர் பண்ணி முறுக்காதீங்க, ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற பாகம்) போல்ட்டைக் கழட்டி அந்த இடத்துல வடு இருக்கான்னு பார்த்துட்டு, மேல எழுதியிருக்கிற அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச்லதான் முறுக்கணும். ஹெல்மெட் தரையில பட்டிருந்தா வெளியே கீறல் இல்லைன்னாலும் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கலாம். தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனா கேஸ் முடியற வரைக்கும் பத்திரமா வையுங்க. பழைய ஹேங்கரும் அப்படியே.

சந்தைப்பேட்டை:
ஹெல்மெட் போட்டிருந்தாரான்னே தெரியலையே.

எதிர்காத்து:
போடலைன்னாலும் சட்டப்படி குத்தம் இல்ல. 129வது பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு. திசை திருப்பாதீங்க.

கல்பாத்தி மாமி:
எல்லாரும் சைக்கிளையே பாக்கறேள், மணிக்கட்டை யாரும் கேக்கலை. கையை ஊணி விழுந்தா கட்டைவிரலுக்குக் கீழே குழி இருக்கே, அந்த இடத்துல அமுக்கினா வலிக்கறதான்னு பாக்கச் சொல்லுங்கோ. அங்கே இருக்கற ஸ்கேஃபாய்டு எலும்புல விரிசல் விழுந்தா முதல் நாள் எக்ஸ்ரேயில தெரியாமப் போகும், பத்துப் பதினாலு நாள் கழிச்சுத் திரும்ப எடுத்தாத்தான் தெரியும். அப்போ "எலும்பு உடையலை"ன்னு ஞாயித்துக்கிழமையே சர்டிபிகேட் கொடுத்த மூணாம்கியர் எங்கே படிச்ச டாக்டராக்கும்?

இன்னொண்ணு. ஆஸ்பத்திரியில "சைக்கிள்லேந்து விழுந்தேன்"னு சொன்னா சீட்டுல அதுதான் ஏறும். "பிக்கப் தட்டி விழுந்தேன்"னு வண்டி நம்பரோட சொல்லணும். தமிழ்நாட்டுப் பக்கம் ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்), இந்தக் கேரளாப் பக்கம் வூண்ட் சர்டிபிகேட் (காயச் சான்று). பின்னாடி எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முதல்ல புரட்டறது அந்தக் காகிதத்தைத்தான்.

மூணாம்கியர்:
மாமி, ட்யூப்லெஸ் விவாதத்துல நான் சொன்னது சரின்னு ஆனதுல இருந்து உங்களுக்கு என் மேல காட்டம். விஷயத்துக்கு வாங்க: 24 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போனாரா? இல்ல. ஸ்டேஷன் போனாரா? இல்ல.

கல்பாத்தி மாமி:
ட்யூப்லெஸ்ல நீங்க சொன்னது ஒண்ணும் சரியாகலை. சீலன்ட் காஞ்சு போனதைப் பத்தி இன்னும் பதில் வரலை.

புதுச்சங்கிலி:
அப்ப காயம்னா சட்டத்துல என்ன அர்த்தம்ணா?

எதிர்காத்து:
மூணாம்கியர் கேட்க மாட்டார், மத்தவங்களுக்காக எழுதறேன். 2024 ஜூலை 1க்கு அப்புறம் பழைய ஐ.பி.சி. 279க்குப் பதிலா புது தண்டனைச் சட்டம் பி.என்.எஸ். 281, பொதுவழியில கண்மண் தெரியாம ஓட்டுறது. காயம் பட்டா 125(ஏ). எலும்பு முறிஞ்சாலோ, 15 நாள் அன்றாட வேலை பார்க்க முடியாமப் போனாலோ 125(பி). முன்னாடி அது 20 நாள். 281 போலீஸ் நேரடியா எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குத்தம். எந்த ஸ்டேஷன்லயும் புகாரை வாங்கணும், எல்லை வேறன்னா பூஜ்ய எஃப்.ஐ.ஆர். போட்டு அனுப்பணும், புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ். 173ல இருக்கு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்க மறுத்தா எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்பலாம். 281க்கு கோர்ட் வழக்கை எடுத்துக்கறதுக்கே ஒரு வருஷம் வரைக்கும் நேரம் இருக்கு. ஒரு வருஷம்! இருபத்துநாலு மணி நேரம் இல்ல.

மூணாம்கியர்:
281க்கு உச்சபட்ச ஃபைன் எவ்வளவுன்னும் எழுதுங்க வக்கீலய்யா. ஆயிரம் ரூபா. அந்த ஆயிரத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டா என்ன ஆகும் தெரியுமா? இடத்துல மகஸர் (இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதற குறிப்பு) எழுதணும், சைக்கிளைக் காட்டணும், பிக்கப்பை வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் பார்க்கணும். 281 ராஜி பண்ணிக்கிற பிரிவும் இல்ல. நாளைக்கு ரெண்டு பேரும் கை குலுக்கினாலும் கேஸ் நிக்கும். கோயம்புத்தூர்ல இருந்து பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டுக்கு சாட்சி சம்மனுக்கு வரணும், வராட்டி வாரண்ட். இதெல்லாம் சொல்லாம "புகார் கொடு, புகார் கொடு"ன்னு தூண்டி விடறது யாரு?

எதிர்காத்து:
இதுவரைக்கும் நீங்க எழுதினதுல உருப்படியான பத்தி இதுதான். ஆனா இதுக்கும் 24 மணி நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூணாம்கியர்:
24 மணி நேரத்துக்குள்ள போயிருந்தா அலைச்சலுக்காவது அர்த்தம் இருந்திருக்கும்.

சந்தைப்பேட்டை:
டிரைவர் பொழப்பு போகுமேன்னு ஒருத்தரும் யோசிக்கல. ஐநூறு கொடுத்தான்ல? ஓடியா போனான்?

எதிர்காத்து:
இறங்கலையே! மோட்டார் வாகனச் சட்டம் 132படி நிறுத்தணும். 134படி காயம் பட்டவருக்கு சிகிச்சைக்கு வழி பண்ணணும். 134ஐ மீறினா 187ல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ஐயாயிரம் ஃபைன், இல்லைன்னா ரெண்டும். ஜன்னல் வழியா நோட்டை நீட்டறது இதுல எந்தப் பிரிவு? டோல்கேட்னு நினைச்சுட்டாரா?

கல்பாத்தி மாமி:
எஃப்.ஐ.ஆர். வேணுமா வேண்டாமாங்கறதை அப்புறம் சண்டை போட்டுக்கோங்கோ. கேரளா போலீஸ் துணா போர்ட்டல்ல விபத்துக்கான ஜி.டி. என்ட்ரி கேக்கலாம். அது டைரிக் குறிப்பு, கேஸ் இல்லை. வெறும் வண்டிச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ்காரா கேக்கறது அதுதான். தமிழ்நாட்டுல சி.எஸ்.ஆர். ரசீது, புகார் வாங்கினதுக்கான சீட்டு. காயத்துக்கு நஷ்டஈடு கேக்கணும்னா எம்.ஏ.சி.டி. (மோட்டார் விபத்து நஷ்டஈட்டு ட்ரிப்யூனல்) மனு, மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவு, ஆறு மாசத்துக்குள்ளே போடணும். விபத்து நடந்த ஊர்லேயோ, மனுதாரர் இருக்கற ஊர்லேயோ போடலாம். அவர் கோயம்புத்தூர்லேயே போட்டுக்கலாம், பாலக்காடு வர வேண்டாம். அதுக்கு எஃப்.ஐ.ஆர். இருந்தாத்தான் பலம். 2022 ஏப்ரலுக்கு அப்புறம், தகவல் வந்த 48 மணி நேரத்துல போலீஸ் முதல் விபத்து அறிக்கையை ட்ரிப்யூனலுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அனுப்பணும்னு விதி. எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டு அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உயிரோட இருக்கான்னு முதல்ல பாருங்கோ.

மூணாம்கியர்:
பாருங்க, மாமியே 48 மணி நேரம்கறாங்க. ஒருத்தர் 24, ஒருத்தர் 48, ஒருத்தர் ஒரு வருஷம். எது உண்மை?

எதிர்காத்து:
24 டிரைவருக்கு. 48 போலீஸுக்கு. ஆறு மாசம் நஷ்டஈட்டு மனுவுக்கு. ஒரு வருஷம் கோர்ட்டுக்கு. நாலு கடிகாரம், நாலு கை. விழுந்தவர் கையில 24ங்கற கடிகாரமே கிடையாது.

மூணாம்கியர்:
நான் சொல்றது நடைமுறை.

சந்தைப்பேட்டை:
அந்த வளைவு தமிழ்நாடா கேரளாவான்னே சரியாத் தெரியாது. டீக்கடைல மில்மா பாக்கெட்டா ஆவின் பாக்கெட்டான்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

எதிர்காத்து:
ஜி.பி.எஸ். பதிவு எதுக்கு இருக்கு? சைக்கிள்ல மாட்டியிருக்கிற ஜி.பி.எஸ். கம்ப்யூட்டர்ல இருந்து மூலக் கோப்பை எடுங்க, ஆப்ல வெட்டி ஒட்டினது வேண்டாம். எந்த இடத்துல, எத்தனை மணிக்கு வேகம் சடார்னு பூஜ்யத்துக்கு வந்ததுன்னு செகண்டோட இருக்கும். கோர்ட்டுக்குப் போனா புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவு சான்றிதழ் அதோட சேர்த்துக் கொடுக்கணும். பிரேக் ஹூட்ல (ஹேண்டில்ல பிரேக் லிவர் மேல இருக்கிற ரப்பர் பிடியில) பெயிண்ட் ஒட்டியிருந்தா துடைக்காதீங்க. தரையில இருந்து ஹூட் எத்தனை சென்டிமீட்டர்னு டேப் வெச்சுப் படம் எடுங்க. பிக்கப் கண்ணாடியோட கீழ் விளிம்பு உயரத்தோட ஒத்து வந்தா அதுக்கு மேல வாதம் வேண்டாம். அவசரம்னு ஒண்ணு இருந்தா அது கடை கேமரா. டிஸ்க் நிறைஞ்சா பழசு மேலயே புதுசு எழுதிடும்.

சந்தைப்பேட்டை:
கேரளாக்காரங்க ஏ.ஐ. கேமரா 726 வெச்சிருக்காங்களே, அதைக் கேளுங்க.

எதிர்காத்து:
அதெல்லாம் பெரும்பாலும் ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் பார்க்க வெச்சது. சைக்கிள்காரன் கைப்பிடியை யார் தட்டினாங்கன்னு அது பார்க்கணும்னா நீங்கதான் போய்ச் சொல்லிக் கொடுக்கணும்.

டைனமோ:
ஹேங்கர் மாடல் என்னன்னு அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா? ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். கடைல 'எல்லாத்துக்கும் பொருந்தும்'னு ஒண்ணு தருவாங்க, வாங்காதீங்க.

மூணாம்கியர்:
டைனமோ, வாக்ஸ் போட்ட செயின் மழையில துருப்பிடிக்காதுன்னு சொன்னது நீங்கதானே? உங்க பேச்சைக் கேட்டு ஹேங்கர் வாங்கணுமா?

டைனமோ:
துடைச்சு வெச்சா பிடிக்காதுன்னு சொன்னேன். முழுசாப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு 134வது பிரிவுலயும் இல்ல.

மூணாம்கியர்:
134ல 24 மணி நேரம்னு இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

எதிர்காத்து:
இருக்கு. யாருக்குன்னு அதே வரியில இருக்கு.

மூணாம்கியர்:
இருக்குல்ல. அவ்வளவுதான் நான் சொன்னது.

புதுச்சங்கிலி:
அண்ணா, அவர் இப்ப எழுதியிருக்கார். மணிக்கட்டு வீங்கியிருக்காம். பாலக்காடு போறதா, கோயம்புத்தூர் போறதான்னு கேட்கறார்.

கல்பாத்தி மாமி:
எது கிட்டக்கவோ அங்கே. அங்கே வண்டி நம்பரைச் சொல்லச் சொல்லுங்கோ.

மூணாம்கியர்:
ரெண்டு நாள் கழிச்சா வீக்கம் வரும்? 24 மணி நேரத்துக்குள்ள போயிருந்தா...

எதிர்காத்து:
மறுபடியுமா. 134(பி) முழுசையும் வார்த்தை வார்த்தையா தட்டச்சு பண்ணிட்டு இருக்கேன், கீழே போடறேன். அதுவரைக்கும் யாரும் வாக்ஸ் பத்திப் பேசாதீங்க.

சந்தைப்பேட்டை:
வாக்ஸ்னா மெழுகுவர்த்தி மெழுகா, வேறயா?