மங்கள்யான் உருவான நாட்கள்: நம் கடற்கரையில் கண்டதும் கேட்டதும்

பாம்பன், பள்ளி ஆசிரியர்:

2012 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் கொடியேற்றிப் பேசிய பிரதமர் மன்மோகன் சிங், செவ்வாய்க் கோளுக்கு இந்தியா விண்கலம் அனுப்பப்போகிறது என்று அறிவித்தார். அதுதான் மங்கள்யான். அரசின் ஒப்புதல் ஆகஸ்ட் 3ஆம் தேதிதான் கிடைத்திருந்தது. ஏவுவதோ 2013 இறுதியில் என்றார்கள். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பதினோராம் வகுப்பு மாணவர்கள் என்னைக் கேட்ட கேள்வி, "ஏன் சார் இவ்வளவு அவசரம்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. பதினைந்து மாதத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதே பெரும்பாடு என்று அறிந்த பிள்ளைகள் அவர்கள்.

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கரும்பலகையில் சூரியனையும் அதைச் சுற்றி இரண்டு பாதைகளையும் வரைந்தேன். குறைந்த எரிபொருளில் செவ்வாயை அடைய வேண்டுமானால், இரு கோள்களும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அமையும்போதுதான் புறப்பட முடியும். அந்த அமைப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். 2013 நவம்பரைத் தவறவிட்டால் அடுத்தது 2016, அதற்கும் அடுத்தது 2018. நாள் முதலில் குறிக்கப்பட்டது, கலம் அதற்கேற்ப வடிவமைக்கப்பட்டது என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆயினும் எல்லாமே அந்தப் பதினைந்து மாதத்தில் முளைத்தவை என்று எண்ணிவிடக் கூடாது. சந்திரயான்-1 ஏவப்பட்ட சில வாரங்களிலேயே, 2008 நவம்பரில், அன்றைய இஸ்ரோ தலைவர் மாதவன் நாயர் செவ்வாய்ப் பயணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருந்தார். 2010இல் சாத்தியக்கூறு ஆய்வும் நடந்தது.

மாணவர்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது ராக்கெட் தேர்வு. வலுவான ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் 2010 ஏப்ரலிலும் டிசம்பரிலும் அடுத்தடுத்துத் தோல்வி கண்டிருந்ததால், அதை நம்பி நாள் குறிக்க முடியவில்லை. நம்பகமான பி.எஸ்.எல்.வி.யாலோ கலத்தை நேராகச் செவ்வாய்ப் பாதையில் தள்ள இயலாது. ஆகவே பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டுவிட்டு, கலத்தின் சொந்த எஞ்சினைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பாதையை உயர்த்திச் சென்று, இறுதியில் பூமியின் பிடியிலிருந்து விடுவிப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்கான எரிபொருளையும் கலமே சுமந்தாக வேண்டும். 1337 கிலோ எடையில் சுமார் 850 கிலோ எரிபொருளுக்கே போய்விட, அறிவியல் கருவிகள் ஐந்துக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறக்குறைய 15 கிலோ. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டியபோது, "இதற்காகவா இத்தனை பாடு?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் அன்று நல்ல பதில் இல்லை. முதல் பயணத்தின் நோக்கம் போய்ச் சேர முடியும் என்று காட்டுவதே, மற்றவை அதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டு ஜூனில் பள்ளி திறந்தபோது நடந்த பெற்றோர் கூட்டத்தில்தான் நான் கேட்டவற்றுள் சிறந்த கேள்வி வந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பிய சமயம் அது. விசைப்படகு டிரைவர் ஒருவர் மகனின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு எழுந்தவர், மீண்டும் உட்கார்ந்து கேட்டார்: "சார், நாப்பத்தஞ்சு நாள் சும்மா கிடந்தாலே நம்ம எஞ்சின் ஒரு தடவையில எடுக்காது. டேங்குல தண்ணி கோத்திருக்கும், பைப்புல காத்து அடைச்சிருக்கும். செவ்வாய்க்குப் போற வழியில பத்து மாசம் சும்மா கிடந்த எஞ்சின் எப்படி சார் எடுக்கும்?" டீசல் கறை போகாத விரல்களால் மேசைமேல் குழாய்ப் பாதையை வரைந்து காட்டிக்கொண்டே கேட்டார்.

திட்டத்தை வகுத்தவர்களின் தலையாய கவலையும் அதுவேதான் என்று பின்னர் படித்தபோது அவரைத் தேடிச் சென்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லவும் செய்தேன். பூமியருகே பல முறை எரிந்த, 440 நியூட்டன் உந்துவிசை கொண்ட எஞ்சின், கலத்தின் வேகத்தைக் குறைத்துச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்க்க, ஏறக்குறைய 300 நாள் ஓய்வுக்குப் பின் ஒரே முயற்சியில் எரிந்தாக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எரிபொருளின் ஆவி வால்வுகளைப் பழுதாக்கலாம். அதனால் எரிபொருள் பாதையை இரட்டையாக அமைத்து, பூமியருகே பயன்பட்டதை மூடிவிட்டுச் செவ்வாயருகே தீண்டப்படாத பாதையைத் திறப்பது என்று ஏற்பாடு. அதுவும் கைவிட்டால், எட்டுச் சிறிய உந்திகளைக் கொண்டு முயல்வது என்று மாற்றுத் திட்டமும் இருந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று எஞ்சினை நான்கு விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். இதைச் சொன்னதும் அந்த டிரைவர், "நாங்களும் கரையிலேயே ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுத்தான் இறக்குவோம்" என்றார், ஒன்றும் வியப்பில்லாதவர்போல.

கீழக்கரை, ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்:

அஸ்ஸலாமு அலைக்கும். ஆசிரியர் எஞ்சினைப் பற்றி எழுதிவிட்டார். நான் கப்பலைப் பற்றி எழுதுகிறேன். முதலில் குறித்த நாள் 2013 அக்டோபர் 28. அது நவம்பர் 5க்குத் தள்ளிப்போனபோது, ராக்கெட்டில் ஏதோ கோளாறு என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் கோளாறு ஒன்றுமில்லை. தென் பசிபிக்கில் வானிலை மோசம்.

வழக்கமான பயணத்தைப் போலன்றி, இந்தப் பயணத்தில் மூன்றாம் கட்டம் எரிந்து முடிந்த பிறகு ராக்கெட் எதையும் எரிக்காமல் நீண்ட நேரம் மிதந்து சென்று, பசிபிக் பெருங்கடலுக்கு மேலேதான் நான்காம் கட்டத்தை எரிக்க வேண்டியிருந்தது. செவ்வாய்க்குச் செல்லும் பாதைக்குள் நுழைய வேண்டிய திசை அப்படி. அங்கே கண்காணிப்பதற்குத் தரைநிலையம் ஏது? எனவே இந்தியக் கப்பல் கழகத்தின் நாளந்தா, யமுனா என்ற இரு கப்பல்களில் ஆன்டெனாக்களைப் பொருத்தி அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்று குறித்த இடத்துக்குப் போய்ச்சேரத் தாமதமானதால் நாடே காத்திருந்தது.

சரக்குக் கப்பலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அலையில் உருண்டுகொண்டிருக்கும் மேல்தளத்தில் நின்று, வானில் பாய்ந்து செல்லும் ஒரு பொருளின் மேல் ஆன்டெனாவை நிலைநிறுத்துவது எளிதன்று. கோப்பைத் தேநீர் மேசையில் நிற்காத கடல் அது. ஏவுவதற்கான வாய்ப்பு நவம்பர் 19 வரை இருந்ததும், திட்டமிட்டவர்கள் இந்தத் தாமதத்துக்கு இடம் விட்டே நாளைக் குறித்திருந்ததும் என்னைக் கவர்ந்தவை. நவம்பர் 5 பிற்பகல் 2.38 மணிக்கு ஏவியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எல்லாரும் தீப்பிழம்பைப் பார்த்தார்கள். எனக்குக் கப்பலிலிருந்து தகவல் வரும்வரை நிம்மதியில்லை.

தேவிபட்டினம், பொறியாளர்:

நான் அப்போது பொறியியல் கல்லூரி மாணவி. செலவு ஏறத்தாழ 450 கோடி ரூபாய் என்ற செய்தியை வீட்டில் படித்துக் காட்டியபோது, மிளகாய் விவசாயியான என் அப்பா, "அந்தக் காசில் எத்தனை கண்மாயைத் தூர்வாரலாம், தெரியுமா?" என்றார். இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. மழை பொய்க்கும் மாவட்டத்தில் வாழ்பவர் கேட்கும்போது சிரிக்கத் தோன்றவில்லை. கலத்துக்கு மட்டும் ஆனது சுமார் 153 கோடி என்றும், மீதி ராக்கெட்டுக்கும், பிற திட்டங்களுக்கும் பயன்படக்கூடிய தரைநிலைய வசதிகளுக்கும் என்றும் கணக்குச் சொன்னேன். சந்திரயானுக்கு உருவாக்கிய உடற்கட்டமைப்பையே ஒட்டிக் கலத்தை வடிவமைத்ததும், முன்பே கைவந்த ராக்கெட்டைப் பயன்படுத்தியதும்தான் சிக்கனத்துக்குக் காரணம். அப்பா முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கண்மாய்க்குப் பணம் வராததற்குக் காரணம் மங்கள்யான் இல்லை என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

துறை சார்ந்தவள் என்ற நிலையில் எனக்கு வியப்பளித்தது தன்னாட்சி ஏற்பாடு. செவ்வாயை நெருங்கிய நாளில் பூமியிலிருந்து ஒரு சமிக்ஞை அங்கே போய்ச்சேர 12 நிமிடங்களுக்கும் மேல் ஆகும். எஞ்சின் எரிய வேண்டியதோ ஏறத்தாழ 24 நிமிடம். கோளாறு என்று செய்தி வந்து, நாம் கட்டளை அனுப்பி, அது போய்ச்சேருவதற்குள் கதை முடிந்திருக்கும். போதாக்குறைக்கு, எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தும்விடும். எனவே கட்டளைகளை நாட்களுக்கு முன்பே ஏற்றிவைத்து, பழுதைக் கண்டறிந்து மாற்று உறுப்புக்கு மாறும் முடிவைக் கலத்தின் கணினியிடமே ஒப்படைத்தார்கள். 2013 நவம்பர் 11 அன்று பாதை உயர்த்தும் முயற்சி ஒன்று எதிர்பார்த்த உயரத்தை எட்டாமல் போனதும், மாற்று உறுப்புகளைச் சோதித்துப் பார்த்தபோது நேர்ந்ததுதான். மறுநாளே கூடுதலாக எரித்துக் குறையை நிரப்பினார்கள். பூமிக்கு அருகிலேயே இந்தச் சோதனையைச் செய்துபார்த்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பாம்பன், பள்ளி ஆசிரியர்:

அம்மா, உங்கள் தந்தையின் கேள்வியோடு என் மாணவியின் கேள்வியையும் சேர்த்துப் பார்க்கிறேன். அந்த 15 கிலோவில் ஒன்றான மீத்தேன் உணரி, மீத்தேனையும் கரியமில வாயுவையும் தெளிவாகப் பிரித்தறிய முடியாத வகையில் அமைந்துவிட்டதாகப் பின்னர் தெரியவந்தது. அதைச் செவ்வாயின் தரைப்பரப்பு ஒளியை எவ்வளவு பிரதிபலிக்கிறது என்று அளக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். கால நெருக்கடி இல்லாதிருந்தால் இது தவிர்க்கப்பட்டிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. கொண்டாட்டப் பேச்சுகளில் இதை யாரும் சொல்வதில்லை. மறுபுறம், ஆறு மாதத்துக்கென்று திட்டமிட்ட கலம் 2022 வரை தொடர்பில் இருந்தது.

இராமேசுவரம், விடுதி நடத்துபவர்:

ஒரு சிறு திருத்தம் மட்டும். பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்கு வரும் பயணிகளிடம், மங்கள்யானை அவர்தான் செய்தார் என்று இங்கே சிலர் கதை சொல்கிறார்கள். அவர் தலைமையேற்று உருவாக்கியது எஸ்.எல்.வி.-3 ராக்கெட், அது 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. 1982இலேயே அவர் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குச் சென்றுவிட்டார். மங்கள்யானின் திட்ட இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன். கோயம்புத்தூர்ப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரைக்கும் அதில் தலைமைப் பொறுப்பு இருந்தது. என் விடுதிக்கு வருகிறவர்களிடம் இந்தப் பெயர்களையும் சேர்த்தே சொல்கிறேன். கலாம் ஊரில் இருந்துகொண்டு வேறு ஊர்க்காரர்களைப் புகழ்கிறீர்களே என்று ஒரு பயணி கோபித்துக்கொண்டார். கோபித்தவரே மறுநாள் காலையில் அருணனின் ஊர்ப் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.