மறு: 73939133 வகை எண்களுக்குத் தமிழ்ப் பெயர்

> "வலது நீக்கத்தக்க பகாஎண்" போதாதா? பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

தெளிவுதான் ஐயா, வலக்கோடி இலக்கத்தை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனாலும் பகாஎண்ணாகவே இருக்கும் எண். ஆனால் பெயர் வாயில் நுழையவில்லை. வகுப்பில் இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை "அந்த எண்" என்று பலகையைக் கைகாட்டிவிடுவோம். அப்புறம், "நீக்கத்தக்க" என்றால் எந்த எண்ணிலும் கடைசி இலக்கத்தை நீக்கலாமே. நீக்கிய பிறகும் பகாஎண்ணாகவே நிற்பதுதான் இங்கே சங்கதி.

என் முன்மொழிவு: கடைக்குறைப் பகாஎண்.

செய்யுள் விகாரத்தில், அதாவது செய்யுளுக்காகச் சொல் உருமாறுவதில், படித்ததுதான். நீலம் "நீல்" என்று வந்தால் கடைக்குறை. தாமரை "மரை" ஆனால் முதற்குறை. எழுத்து போனாலும் பொருள் போகாது. 73939133-இன் வாலை ஒவ்வொன்றாக உதிர்த்துப் பாருங்கள்: 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. அத்தனையும் பகாஎண்கள். இலக்கம் குறைகிறது, பகாத்தன்மை போகவில்லை.

பதின்ம முறையில் இதைவிடப் பெரியது கிடையாது. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 38. வலப்பக்கம் 1 அல்லது 7 சேர்த்தால் 3-ஆல் வகுபடும். இரட்டை இலக்கங்களும் 5-உம் எப்படியும் ஆகா. மிச்சம் 3, 9. அவற்றைச் சேர்த்தாலும் பகுஎண்தான். இதே வகையில் எட்டிலக்க எண்கள் இன்னும் நான்கு உண்டு, அவையும் அதோடு நின்றுவிடுகின்றன. ஓரிலக்க எண்களில் தொடங்கி மொத்தமே 83 தான்.

> இலக்கணச் சொல்லைக் கணிதத்துக்குள் இழுத்தால் குழப்பம் வராதா?

வேறு இடத்தில் வரலாம். இங்கே பேசப்படுவது எண்ணின் மதிப்பு அல்ல, அதை எழுதும் முறை. இதே எண்ணை இரும முறையில் எழுதிக் கடைசி இலக்கத்தை எடுத்தால் மிஞ்சுவது 36969566. இரட்டைப்படை, முதல் அடியிலேயே அவுட்! எழுத்தைச் சார்ந்த பண்புக்கு எழுத்திலக்கணத்தின் பெயர் பொருந்தத்தானே செய்யும்?

இன்னொரு லாபம், ஜோடியும் தயாராக இருக்கிறது. இடப்பக்கம் உதிர்ப்பவை முதற்குறைப் பகாஎண்கள். பூச்சியம் வராதவற்றை மட்டும் எடுத்தால் அவை 4260. பெரியது 24 இலக்கம் கொண்ட 357686312646216567629137. இரண்டு பக்கமும் தாங்குபவற்றில் பெரியது 739397. அதற்கு "இருகுறை" என்று போட்டிருக்கிறேன், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். பகாஎண்ணை இலங்கை நண்பர்கள் "முதன்மை எண்" என்பார்கள். கடைக்குறை அதனோடும் ஒட்டும்.

---

மறு: மறு: 73939133 வகை எண்களுக்குத் தமிழ்ப் பெயர்

கடைக்குறை எனக்குச் சரி. ஒரே ஒரு உறுத்தல்: நீலம் ஒருமுறைதான் குறையும். "நீல்" என்பதில் இன்னும் ஓர் எழுத்தை எடுத்தால் "நீ" ஆகிவிடும்! எண்ணோ ஏழு முறை தாங்குகிறது. "தொடர்கடைக்குறை" என்று வைக்கலாமா?

---

மறு: மறு: மறு: 73939133 வகை எண்களுக்குத் தமிழ்ப் பெயர்

"நீ" நல்ல அடி! ஆனாலும் "தொடர்" வேண்டாம், மறுபடி வாயில் நுழையாது. "ஓரிலக்கம் எஞ்சும்வரை" என்பதை வரையறையில் எழுதிவிடலாம். இருகுறை பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே?