முதல் நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டி: எங்கிருந்து தொடங்குவது?

சியராச் சாரல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சாக்ரமென்டோ அருகே வசிக்கிறேன். ஐந்து ஆண்டுகளாகக் குதிரை ஏறி வருகிறேன். சென்ற ஆண்டுதான் ஒன்பது வயதுள்ள அரேபியக் கலப்புப் பெண்குதிரை ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். வாரத்துக்கு மூன்று நாள் ஃபோல்சம் ஏரிக்கரைத் தடங்களில் ஐந்தாறு மைல் போய் வருகிறோம். ஆபர்னில் டெவிஸ் கோப்பைக் குதிரைப் பந்தயத்தின் முடிவுக்கோட்டருகே நள்ளிரவில் நின்று, 100 மைல் கடந்து தலைவிளக்கு வெளிச்சத்தில் வந்து சேர்ந்த குதிரைகளைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் போட்டியில் இறங்கும் ஆசை பிடித்துக்கொண்டது. தடச்சவாரிப் போட்டி, எண்டியூரன்ஸ் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எதில் தொடங்குவது? எவ்வளவு காலம் பயிற்சி வேண்டும்? முன்னால் வேறு குதிரை போனால் என் குதிரையை அடக்குவது பெரும்பாடாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய லாடம்:

வணக்கம். 1961-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட என்.ஏ.டி.ஆர்.சி. (வட அமெரிக்கத் தடச்சவாரி அமைப்பு) நடத்தும் தடச்சவாரிப் போட்டியில் முந்தி வருபவருக்கென்று பரிசு கிடையாது. குறைந்தபட்ச நேரம், அதிகபட்ச நேரம் என்று இரண்டு எல்லைகள் உண்டு; அவற்றுக்கு இடையில் வந்து சேர வேண்டும். கால்நடை மருத்துவரான நடுவர் குதிரையின் உடல்நிலையையும், மற்றொரு நடுவர் அதை நீங்கள் மேட்டிலும் ஓடையிலும் முகாமிலும் எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதையும் பார்த்து மதிப்பெண் இடுவார்கள்.

1972-இல் உருவான ஏ.இ.ஆர்.சி.யின் (அமெரிக்க எண்டியூரன்ஸ் சவாரி அமைப்பு) எண்டியூரன்ஸ் சவாரி பந்தயம்தான். 50 மைலுக்கு 12 மணி நேரம், 100 மைலுக்கு 24 மணி நேரம். இடையில் குதிரைக்குக் கட்டாய ஓய்வு தரும் நேரமும் இதில் அடங்கும். ஆயினும், கடைசிப் பரிசோதனையில் குதிரை நலமாக இருப்பதாக மருத்துவர் சொன்னால்தான் முடித்ததாகக் கணக்கு. 'முடிப்பதே வெற்றி' என்பதுதான் அவர்களுடைய கொள்கை வாசகம். புதியவர்களுக்கு 25 முதல் 35 மைல் வரையிலான குறுந்தூரப் பிரிவும் இருக்கிறது.

முந்த நினைக்கும் குதிரையை வைத்திருக்கும் உங்களுக்குத் தடச்சவாரியே முதல் பள்ளிக்கூடம் என்பது என் உறுதியான கருத்து. நான் அதைச் செய்யாமல் நேரே 25 மைல் பந்தயத்தில் இறங்கினேன். முன்னால் போன மூன்று குதிரைகளின் வேகத்துக்கு என் குதிரை தானாகவே ஓட, நானும் அதைத் திறமை என்று எண்ணி விட்டுவிட்டேன். பாதிவழிப் பரிசோதனையில் டிராட் (சீரான மென்னோட்டம்) ஓட்டிக் காட்டச் சொன்னபோது அது வலது முன்காலை ஊன்றும்போதெல்லாம் தலையைத் தூக்கியது. அங்கேயே எங்களை நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரம் சேணம் போடாமல் அதை நடத்திக்கொண்டே திரிந்தேன். அந்தத் தவறு முழுக்க முழுக்க என்னுடையது.

நாடி:

நான் பல ஆண்டுகளாகப் பரிசோதனை முகாம்களில் நாடி பார்க்கும் தன்னார்வலராக இருக்கிறேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குதிரையின் இதயமும் தசைகளும் சில மாதங்களிலேயே தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அவற்றைவிட மிக மெதுவாகத்தான் உறுதிப்படும். குதிரை களைக்காமல் ஓடுவதைப் பார்த்து, கால்களும் தயாராகிவிட்டன என்று நம்பிவிடுவதில்தான் பெரும்பாலான காயங்கள் தொடங்குகின்றன. ஆகவே ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள்.

இன்றே ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக்கொள்ளுங்கள். இடது முன்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுப்பட்டை இறுக்கும் இடத்தருகே வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 'லப்-டப்' இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. புதியவர்கள் இரண்டாக எண்ணிப் பதறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓய்வில் சுமார் 28 முதல் 44 வரை இருக்கும். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். விலாவில் காது வைத்தால் குடல் இரைச்சல் கேட்க வேண்டும். அமைதியாக இருக்கும் குடல்தான் எனக்குக் கவலை தரும்.

போட்டிப் பரிசோதனையில் முதலில் நாடி பார்த்த பிறகு 125 அடி போய், 125 அடி திரும்பி டிராட் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி நாடி பார்ப்போம். முதல் எண்ணைவிட இது கூடியிருந்தால் குதிரை சொல்லாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். இதை வீட்டிலேயே பழக்குங்கள், ஏனென்றால் கையில் பிடித்து ஓட்டும்போது இழுத்துக்கொண்டு வரவேண்டிய குதிரையின் நடையைச் சரியாகப் பார்க்கவே முடிவதில்லை.

குறுந்தூரப் பிரிவில் நாடி 60-க்கு இறங்கும் கணம்தான் உங்கள் முடிவு நேரம். எனவே கடைசி அரை மைலில் இறங்கி, வயிற்றுப்பட்டையைத் தளர்த்தி, கூடவே நடந்து வாருங்கள். வந்ததும் கழுத்திலும் மார்பிலும் கால்களுக்கு இடையிலும் நீர் ஊற்றுங்கள். சூடேறிய நீரை வழித்துவிட்டு மீண்டும் ஊற்றுங்கள்.

மலைத்தடம்:

சேணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீண்ட சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். சுற்றிலும் வியர்வையில் நனைந்திருக்க, நடுவில் உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே சேணம் அழுத்தக்கூடும். ஐந்து மைலில் பொறுத்துக்கொள்ளும் அந்த அழுத்தத்தை 25 மைலில் எந்தக் குதிரையும் பொறுக்காது.

சியராச் சாரல்:

மூவருக்கும் மிக்க நன்றி. முதல் பயிற்சிக் குறிப்பை இன்றே எழுதினேன்: சேணம் போடும் முன் நாடி 36. புறப்படும் இடத்தில் மற்றக் குதிரைகள் ஓடத் தொடங்கும்போது என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் அச்சமாகவே இருக்கிறது.

பழைய லாடம்:

எண்டியூரன்ஸில் எல்லாரும் புறப்பட்ட பிறகு பத்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். அதில் தவறு எதுவும் இல்லை. அதுவரை, கண்ணுக்குக் குதிரைகள் தெரியாத இடத்தில் கையில் பிடித்து நடத்திக்கொண்டே இருங்கள். உதைக்கும் பழக்கம் இருந்தால் வாலில் சிவப்பு நாடா கட்டுங்கள், பின்னால் வருபவர் விலகி நிற்பார். அதற்கு முன்பு, வருகிற பருவத்தில் ஒரு நாள் எங்களோடு தன்னார்வலராக வந்து நாடி பாருங்கள். அறுபது எழுபது குதிரைகள் கைக்கு வந்து போகும்.