68-ஆம் எண் லயம்: எங்கள் சுங்கை சிப்புட் குடும்பக் குழுவில்

செல்வி: சேகர் அண்ணா, 4 முதல் எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்று யாழினியிடம் சொன்னீர்களாம். தாமானுக்கு (இப்போதைய குடியிருப்புக்கு) வருமுன் நாம் இருந்த தோட்டத்து லயத்து வீட்டு எண் 68-ஐ வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட வரவில்லை.

செல்வி: மாமா, நான் யாழினி. 1+67 சரிதானே?

சேகர்: இல்லையம்மா, 1 பகா எண் ஆகாது. கட்டம் போட்ட தாளை வெட்டி ஒட்டி நீளப் பட்டை செய். கட்டத்துக்கு ஓர் எண்ணாக 67 வரை எழுது. பகா எண்களுக்கு மட்டும் கறுப்பு மையால் வட்டம் போடு. 34-ஆம் கட்டத்தின் நடுவே மடித்து விளக்குக்கு நேரே பிடி. ஒன்றின் மேல் ஒன்று விழும் எண்களைக் கூட்டினால் 68 வரும்.

செல்வி: மாமா! 31-இன் மேல் 37 விழுகிறது! 7-இன் மேல் 61! வேறு எங்கும் வட்டத்தின் மேல் வட்டம் இல்லை.

சேகர்: அருமை! 68-க்கு அந்த இரண்டு ஜோடிதான். 100-ஐ 50-இல் மடித்தால் ஆறு ஜோடி கிடைக்கும்.

முகிலன்: எந்த எண்ணுக்கும் இப்படி ஒரு ஜோடியாவது விழுமா, பெரியப்பா?

சேகர்: விழும் என்றே எல்லாரும் நம்புகிறார்கள், முகிலா. நிறுவத்தான் ஆளில்லை. 1742 ஜூன் 7-இல் மாஸ்கோவிலிருந்து கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது. ஆய்லர் அம்மாதம் 30-ஆம் தேதியே, இது உறுதியான உண்மை, ஆனால் என்னால் நிறுவ முடியவில்லை என்று பதில் எழுதினார். கணினியில் 4-க்குப் பின் 18 சுழியம் போட்ட எண் வரைக்கும் பார்த்துவிட்டார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

முகிலன்: அதற்கு மேலும் சந்தேகமா?

பாட்டி: என் நிரையில் அத்தனை ரப்பர் மரமும் பால் விடும். பக்கத்து நிரையில் பட்டை காய்ந்து கிடக்கும். வெட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

சேகர்: அதேதான் அம்மா. இங்கே நிரைகளுக்கு முடிவே இல்லை. நம் ராமானுஜன் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து 1918-இல் வெளியிட்ட வழிமுறையை வளர்த்தெடுத்துத்தான், போதிய அளவு பெரிய ஒற்றைப்படை எண் எதுவும் மூன்று பகா எண்களின் கூட்டல் என்று 1937-இல் ரஷ்யக் கணித அறிஞர் வினோகிராடோவ் நிறுவினார். மூன்றுக்குக் கைகொடுத்த அந்த வழி இரண்டுக்கு எட்டவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வராது.

செல்வி: மாமா, பட்டையை நீட்டி 35-இல் மடித்தேன். 70-க்கு ஐந்து ஜோடி! 72-க்குப் போகிறேன்.

செல்வி: அண்ணா, சோறு ஆறிவிட்டது. நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.